கொழுத்த கன்றை ஏன் மாற்றவில்லை?

மேட்டூர், கொளத்தூர், பாலாறு வழியாகவோ அந்தியூர், பர்கூர் வழியாகவோ மலையேறி மாதப்பனைக் கும்பிடப் போகிற ஈரோடு, சேலம், தருமபுரிக்காரர்களுக்கு மாதேஸ்வரன் மலை அயலூர் இல்லை. 1956 வரை இந்த மலை இருந்த கொள்ளேகால் வட்டமே கோயம்புத்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. மாநில எல்லை மாறியபோது மைசூர் மாவட்டத்துக்குப் போனது, 1997-ல் சாமராஜநகர் மாவட்டத்தில் சேர்ந்தது. மலையில் மாதப்பன் கதையைக் கன்னடத்தில் பாடுகிறவர்கள் இருக்கிறார்கள். பக்கத்து மார்த்தள்ளியில் தமிழ் பேசுகிற கத்தோலிக்கக் குடும்பங்கள் இருக்கின்றன. வேதாகமம் உண்மையா, அதில் ஒருமை உண்டா என்ற பழைய வழக்கை இந்த மலையில் வைத்துப் பேசலாம் என்று நினைக்கிறேன். ஒரு கதை பல வாய்களில் புழங்கும்போது அதற்கு என்ன நடக்கும் என்பதை இந்த மலை நன்றாகவே அறியும். அதோடு, வேதாகமத்தை இந்த மண்ணின் மக்கள் கையில் கொடுப்பதே தவறு என்று வாதாடிய ஒருவர் மைசூர் நாட்டில்தான் பல ஆண்டுகள் வாழ்ந்தார். அவர் நாத்திகர் அல்ல, பாதிரியார்.

முதலில் மாதப்பன் கதை. இடது கையில் கிண்ணம் போன்ற வெண்கலத் தாளம், வலது கையில் குஞ்சம் தொங்கும் தட்டையான தாளம். இதுதான் கம்சாளே. தேவர குட்டர்கள் என்ற பாடகர்கள் அதைத் தட்டிக்கொண்டு இரவு முழுக்கப் பாடுவார்கள். கதை பல பகுதிகளாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு பகுதிக்கும் 'சாலு' என்று பெயர். சிரவணன் என்ற அரசனை மாதப்பன் தந்திரமாக அழித்தது ஒரு சாலு. நீலேகவுடன் தன் மனைவி சங்கம்மாவைச் சந்தேகப்பட்டுக் கொடுமைப்படுத்திக் காட்டில் தனியே விட்டுப் போனது ஒரு சாலு. ஜுஞ்சேகவுடன் கோயில் கட்டியது இன்னொன்று. எந்த இரண்டு குழுவும் ஒரே மாதிரி பாடுவதில்லை. ஒருவர் நீட்டுவதை மற்றவர் நாலு அடியில் முடிப்பார். கன்னட ஆய்வாளர்கள் இந்தப் பாடல்களைத் தொகுத்து அச்சிட்டிருக்கிறார்கள், சாகித்திய அகாதெமி 2001-ல் ஆங்கிலத்திலும் கொண்டுவந்தது. தொகுப்புக்குத் தொகுப்பு வேறுபாடு உண்டு. அதனால் இது ஒரே கதை இல்லை என்று யாராவது சொன்னால், கேட்டு வளர்ந்தவர்கள் சிரிப்பார்கள். எது கதை, எது பாடுகிறவர் சேர்த்த சுவை என்று அவர்களுக்குத் தெரியும்.

வேதாகமத்தைச் சந்தேகிப்பவர்கள் வழக்கமாக எடுத்து வைக்கிற வாதத்தில் இந்தச் சாதாரண அறிவுதான் காணாமல் போகிறது. 'நாலு சுவிசேஷம், நாலும் வேறு வேறு. கல்லறையில் ஒரு தூதனா இரண்டு பேரா? யூதாஸ் தூக்குப் போட்டுக்கொண்டானா, விழுந்து வயிறு வெடித்துச் செத்தானா? யோசேப்பின் தகப்பன் பெயர் மத்தேயுவில் ஒன்று, லூக்காவில் ஒன்று. கைப்பிரதிகளுக்குள் லட்சக்கணக்கில் வித்தியாசம். இதை எப்படி ஒரே புத்தகம் என்கிறீர்கள், எப்படி உண்மை என்கிறீர்கள்?' கேள்வி நியாயமானது. விசுவாசிகள் பலர் இதற்குச் சொல்லும் பதில்தான் நியாயமாக இல்லை. ஒரு வித்தியாசமும் கிடையாது, எழுத்துக்கு எழுத்து சரி என்று அடித்துப் பேசுகிறார்கள். எதிராளி ஒரே ஒரு வசனத்தைத் திறந்து காட்டினால் போதும், அந்தப் பேச்சு முடிந்துவிடும். என் வாதம் வேறு. வித்தியாசங்கள் இருக்கின்றன. அவற்றை மறைக்க வாய்ப்பு கிடைத்தபோதும் இந்தப் புத்தகத்தைக் காத்தவர்கள் பெரும்பாலும் மறைக்கவில்லை. இதன் நம்பகத்தன்மைக்கு எனக்குத் தெரிந்த பெரிய சாட்சி அதுதான்.

மைசூர்ப் பாதிரியாருக்கு வருவோம். அபே துபுவா 1792-ல் பிரான்சிலிருந்து இந்தியாவுக்கு வந்தார். 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு விழுந்த பிறகு அங்கே சிதறிக்கிடந்த கிறிஸ்தவர்களை ஒன்றுசேர்க்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. ஊர்க்காரர்களைப் போலவே உடுத்தி, அவர்களைப் போலவே வாழ்ந்தார். இந்துக்களின் பழக்கவழக்கங்களைப் பற்றி அவர் பெயரில் வந்த புத்தகம் உலகப் புகழ் பெற்றது. 1823-ல் அவர் ஊர் திரும்பினார். அதே ஆண்டில், இந்தியாவில் கிறிஸ்தவத்தின் நிலை பற்றிய அவருடைய கடிதங்கள் லண்டனில் அச்சாகின. இந்துக்களை மனம் மாற்றுவது நடக்காத காரியம், வேதாகமத்தை மொழிபெயர்த்து அவர்கள் கையில் அப்படியே கொடுப்பது நன்மையைவிடத் தீமையே செய்யும் என்பது அவர் வாதம். அதற்கு அவர் காட்டிய உதாரணங்களில் கெட்ட குமாரன் உவமை ஒன்று. திரும்பி வந்த மகனுக்காகத் தகப்பன் கொழுத்த கன்றை அடித்து விருந்து வைக்கிறான் அல்லவா, அதைப் பிரசங்கத்தில் சொன்னதும் சபையார் முகம் சுளித்தார்களாம். வெளியார் கேட்டால் நம்மை என்ன நினைப்பார்கள், இனிமேல் கன்று என்று சொல்லாமல் ஆட்டுக்குட்டி என்று சொல்லுங்கள் சாமி என்று யோசனை சொன்னார்களாம்.

இந்தக் கன்றைப் பற்றி நிறைய யோசிக்கலாம். சபையார் கேட்டது சின்ன விஷயம். ஒரே ஒரு சொல். உவமையின் கருத்து கொஞ்சமும் கெடாது. பசுவைத் தெய்வமாகக் கும்பிடும் நாட்டில் அந்த மாற்றம் மத நல்லெண்ணத்துக்கே உதவும் என்றுகூட வாதிடலாம். ஒரு நூலைத் தங்கள் வசதிக்குத் திருத்திக்கொள்கிறவர்கள் கிறிஸ்தவர்கள் என்றால், திருத்துவதற்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்காது. ஆனாலும் இன்று எந்தத் தமிழ் வேதாகமத்தையும் எடுத்து லூக்கா 15-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள், கன்றுதான் இருக்கிறது. சீகன்பால்கின் தமிழ்ப் புதிய ஏற்பாடு தரங்கம்பாடி அச்சுக்கூடத்தில் 1714-ல் தொடங்கி அச்சேறியதிலிருந்து இன்றுவரை எத்தனையோ மொழிபெயர்ப்புகள், திருத்தங்கள். நடை மாறியது, வடசொல் போய்த் தனித்தமிழ் வந்தது, கர்த்தர் ஆண்டவரானார், சுவிசேஷம் நற்செய்தியானது. கன்று மட்டும் ஆடாகவில்லை. துபுவாவுக்கு 1824-லேயே பதில் நூல் எழுதியவர்களில் ஒருவர் ஜேம்ஸ் ஹஃப். பாளையங்கோட்டையில் ராணுவக் குருவாக இருந்தவர். வேதாகமத்தைத் தமிழர்கள் கையில் கொடுக்கத்தான் வேண்டும் என்றார் அவர். பிறகு திருநெல்வேலிச் சீமையில் கிறிஸ்தவம் பரவியதைப் பார்த்தால், கன்றோடு இருந்த புத்தகத்தையே மக்கள் ஏற்றுக்கொண்டார்கள் என்று தெரிகிறது.

இது தமிழ்நாட்டில் மட்டும் நடந்ததல்ல, முதல் நூற்றாண்டுகளிலேயே பெரிய அளவில் நடந்தது. கி.பி. 170 வாக்கில் தாத்தியான் என்ற சிரியா நாட்டு எழுத்தாளர் நாலு சுவிசேஷங்களையும் ஒன்றாகப் பின்னி ஒரே கதையாகத் தொகுத்தார். தியாத்தெசரோன் என்று அதற்குப் பெயர். முரண்கள் எல்லாம் நீங்கிய, படிக்கச் சுகமான புத்தகம். சிரியாவின் சபைகளில் தலைமுறை தலைமுறையாக அதைத்தான் வாசித்தார்கள். சந்தேகக்காரர்கள் கேட்கிற 'ஒழுங்கான, ஒரே குரல் பேசுகிற' சுவிசேஷம் சபையின் கையிலேயே இருந்தது என்பதைக் கவனியுங்கள். அதைச் சபை என்ன செய்தது? ஐந்தாம் நூற்றாண்டில் தியோதரேத்து என்ற ஆயர் தம் மறைமாவட்டத்தில் மட்டும் 200-க்கு மேற்பட்ட தியாத்தெசரோன் படிகளைத் திரட்டி ஒதுக்கிவிட்டு, அவற்றுக்குப் பதிலாக நாலு தனித்தனிச் சுவிசேஷங்களைக் கொடுத்தார். வழவழப்பான ஒன்றைக் கொடுத்துவிட்டுக் கரடுமுரடான நாலைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். கல்லறையில் எத்தனை தூதர்கள் என்ற கேள்வி தங்களைத் துரத்தும் என்று தெரிந்தே செய்தார்கள்.

பழைய ஏற்பாட்டில் இதைவிடக் கூர்மையான உதாரணம் உண்டு. யூதாவின் அரசன் யோராம் 32 வயதில் பட்டத்துக்கு வந்து 8 ஆண்டு ஆட்சி செய்து இறந்தான் என்கிறது இரண்டாம் நாளாகமம். ஆக, சாகும்போது வயது 40. அடுத்து அவன் கடைசி மகன் அகசியா பட்டத்துக்கு வருகிறான். அவன் வயது 42 என்கிறது அதே நூல். தகப்பனைவிட மகனுக்கு இரண்டு வயது கூட! இதே செய்தியை இரண்டாம் இராஜாக்கள் 22 என்று சொல்கிறது. 22 சரி, 42 எங்கோ ஒரு படியெடுப்பவரின் கைப்பிழை என்று பள்ளிப் பிள்ளையும் சொல்லிவிடும். ஏதேன் தோட்டம் முதல் எல்லாவற்றையும் புரோகிதர்கள் தங்கள் இஷ்டப்படி திருத்தி வைத்தார்கள் என்கிறார்களே, அந்தப் புரோகிதர்களுக்கு இந்த ஓர் எண்ணைத் திருத்த ஒரு நிமிடம் ஆகியிருக்காது. ஆனால் மசோரெத்தியர் என்ற எபிரேயப் படியெடுப்பாளர்கள் எழுத்துகளை எண்ணி எண்ணிப் படியெடுத்தவர்கள். ஏதாவது சொல் தவறு என்று தோன்றினாலும் உள்ளே கைவைக்க மாட்டார்கள். எழுதியிருப்பதை அப்படியே விட்டு, வாசிக்க வேண்டியதை ஓரத்தில் குறிப்பார்கள். அதனால்தான் 42 இன்றும் எபிரேயத்தில் 42-ஆகவே இருக்கிறது. இதைப் பிழை என்று சந்தேகக்காரர் காட்டலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே கையோடு அவர் இன்னொன்றையும் காட்டிவிடுகிறார்: கண்ணுக்கு முன்னால் தெரிகிற பிழையைக்கூடத் தொடாத ஆட்கள், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கதையைப் புனைந்து நுழைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம்.

இனி 'லட்சக்கணக்கான வித்தியாசங்கள்'. இந்த வாதம் புதிதல்ல. 1707-ல் ஜான் மில் என்ற ஆங்கில அறிஞர் கிரேக்கப் புதிய ஏற்பாட்டுப் பிரதிகளில் ஏறக்குறைய 30,000 பாடபேதங்களைத் தொகுத்து வெளியிட்டபோதே பெரிய கலக்கம் உண்டானது. ரிச்சர்ட் பென்ட்லி 1713-ல் சொன்ன பதில் இன்றும் போதும்: பிரதிகள் கூடக் கூட வித்தியாசங்களின் எண்ணிக்கையும் கூடும், ஆனால் மூலத்தைக் கண்டுபிடிப்பதும் அதே அளவுக்கு எளிதாகும். ஒரே பிரதிதான் என்றால் வித்தியாசம் பூஜ்யம், அதில் உள்ள பிழையைக் கண்டுபிடிக்க வழியும் பூஜ்யம். 2005-ல் பார்ட் எர்மன் என்ற ஆய்வாளரின் புத்தகம் வந்த பிறகு, புதிய ஏற்பாட்டில் உள்ள சொற்களைவிட வித்தியாசங்கள் அதிகம் என்ற வரி பேச்சுக்குப் பேச்சு அடிபடுகிறது. கணக்கு சரிதான். கிரேக்கக் கைப்பிரதிகள் மட்டும் 5,000-க்கு மேல் என்பதையும், வித்தியாசங்களில் மிகப் பெரும்பாலானவை எழுத்துக்கூட்டல், சொல் முன்பின் மாறுவது போன்றவை என்பதையும் சேர்த்துச் சொன்னால் கணக்கு இன்னும் சரியாகும். தமிழர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. உ.வே.சா. ஏடு ஏடாகத் தேடி ஒப்புநோக்கி 1887-ல் சீவக சிந்தாமணியையும் 1894-ல் புறநானூற்றையும் பதிப்பித்தார். பாடபேதங்களை அவர் மறைக்கவில்லை, அடிக்குறிப்பில் கொடுத்தார். புறநானூற்றில் 267, 268-ஆம் பாட்டுகள் கிடைக்கவே இல்லை என்பதையும் மறைக்கவில்லை. இதற்காகப் புறநானூறு பொய் என்று சொன்ன தமிழர் யார்?

ஒரு கைப்பிரதியைக் கிட்டே போய்ப் பார்ப்போம். 1947-ல் சவக்கடலுக்குப் பக்கத்தில் கும்ரான் குகையில் கிடைத்த ஏசாயா பெருஞ்சுருள் ஏறக்குறைய 7.3 மீட்டர் நீளம், 54 பத்திகள், கிறிஸ்துவுக்கு நூறாண்டுக்கு முந்தையது. அதுவரை நம்மிடம் இருந்த பழைய எபிரேயப் பிரதிகளைவிட ஆயிரம் ஆண்டு மூத்தது. அதில் 40-ஆம் அதிகாரத்தில் ஒரு விசித்திரம் உண்டு. புல் காய்வதும் பூ உதிர்வதும் பற்றிய சொற்கள் அங்கே அடுத்தடுத்து இரண்டு முறை வருகின்றன. எழுதியவரின் கண் முதல் இடத்திலிருந்து இரண்டாம் இடத்துக்குத் தாவிவிட்டது, நடுவில் இருந்தது விடுபட்டது. பின்னால் வேறொரு கை அந்த விடுபட்ட சொற்களை வரிகளுக்கு நடுவில் நெருக்கி எழுதி, இடம் போதாமல் ஓரத்தில் கீழ்நோக்கித் திருப்பி இறக்கியிருக்கிறது. நம் ஊர் ஏடுகளிலும் இப்படிப்பட்ட கண்தாவல்கள் எத்தனையோ உண்டு. கடவுளின் வார்த்தை நிலைத்து நிற்கும் என்று சொல்லும் இடத்தில் ஒரு மனிதன் தவறவிட்டான், இன்னொரு மனிதன் வேறு படியோடு ஒத்துப் பார்த்துச் சரிசெய்தான். வேதாகமம் வானத்திலிருந்து அச்சாகி விழுந்தது என்று நினைப்பவருக்கு இது சங்கடம். மனிதக் கைகள் வழியாகத்தான் வந்தது என்று தெரிந்தவருக்கு நம்பிக்கை கூடும். ஆயிரம் ஆண்டு இடைவெளியைத் தாண்டி ஒப்பிட்டபோது, எழுத்துக்கூட்டலிலும் சொல்லிலும் ஏராளமான சிறு மாற்றங்கள் இருந்தாலும், ஏசாயாவின் 66 அதிகாரமும் நாம் வைத்திருக்கும் அதே ஏசாயாவாகவே இருந்தது.

விட்டுக்கொடுக்க வேண்டியதையும் பட்டியலிட்டுவிடுகிறேன். மாற்கு சுவிசேஷத்தின் கடைசி 12 வசனங்கள் நாலாம் நூற்றாண்டின் சினாய், வாத்திக்கான் பிரதிகளில் இல்லை. விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் கதை யோவானின் மிகப் பழைய பிரதிகளில் இல்லை. முதலாம் யோவான் 5:7-ல் பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி என்று மூவரைச் சொல்லும் தொடர் பழைய கிரேக்கப் பிரதிகளில் இல்லை, லத்தீன் வழியாக வந்து சேர்ந்தது. சீர்திருத்தச் சபைகளில் புழங்கும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அது இன்றும் இருக்கிறது. 1995-ல் வந்த திருவிவிலியத்தில் ஆவி, நீர், இரத்தம் ஆகிய மூன்று சாட்சிகள் மட்டுமே இருக்கின்றன. அப்படியானால் திருத்தம் நடந்திருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். ஆமாம், சேர்க்கை நடந்திருக்கிறது. அதை நாம் கண்டுபிடிக்க முடிந்தது எப்படி? பிரதிகள் பல நாடுகளில் பல கைகளில் சிதறிக் கிடந்ததால்தான். எந்த அரசனாலும் எந்தப் போப்பாலும் எல்லாப் பிரதிகளையும் ஒரே நாளில் மாற்ற முடியவில்லை. ஒரு மூலையில் சேர்த்தது இன்னொரு மூலையில் உள்ள பிரதியில் அகப்பட்டுவிடும். திரித்துவப் போதனை அந்த ஒரு தொடரை நம்பி நிற்கவில்லை என்பதால், அதை எடுத்துவிட்டும் திருவிவிலியம் வாசிக்கும் சபைகள் திரித்துவத்தையே அறிக்கையிடுகின்றன.

எந்தப் புத்தகங்கள் வேதம் என்று 325-ல் நிசேயாவில் கான்ஸ்டன்டைன் மன்னன் ஓட்டெடுத்து முடிவு செய்தான் என்ற கதையும் நம் ஊரில் நன்றாக ஓடுகிறது. 2003-ல் வந்த 'டா வின்சி கோட்' நாவலுக்கு அதில் பெரிய பங்கு. நிசேயாச் சங்கம் இயற்றிய 20 விதிகளில் வேதப் புத்தகங்களின் பட்டியலே இல்லை. அங்கே நடந்த சண்டை கிறிஸ்துவின் தன்மை பற்றியது, ஈஸ்டர் தேதி பற்றியது. நாலு சுவிசேஷங்கள்தான், கூடவும் இல்லை குறையவும் இல்லை என்று லியோன் நகர ஆயர் இரேனேயு கி.பி. 180 வாக்கிலேயே வாதாடியிருக்கிறார். கான்ஸ்டன்டைன் பிறக்க அப்போது இன்னும் சுமார் தொண்ணூறு ஆண்டுகள் இருந்தன. இன்றைய 27 புத்தகங்களின் பட்டியல் அப்படியே முதலில் தென்படுவது 367-ல் அத்தனாசியு எழுதிய கடிதத்தில். பழைய ஏற்பாட்டில் கத்தோலிக்கருக்கும் சீர்திருத்தச் சபையாருக்கும் வித்தியாசம் உண்டு, அதனால் வேதாகமத்தின் மொத்தப் புத்தகங்கள் 73 என்றும் 66 என்றும் ஆகின்றன. அது மறைவான விஷயமல்ல, இரு தரப்பும் பல நூற்றாண்டாக வெளிப்படையாக விவாதிப்பதுதான். சதி செய்பவர்கள் இப்படி விவாதித்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

இன்னும் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. மோசேயின் ஐந்து நூல்கள் பல மூலங்களிலிருந்து தொகுக்கப்பட்டவை, மத்தேயு மாற்கைப் பார்த்து எழுதினார் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்களே, அப்படியானால் சாட்சிகள் தனித்தனி இல்லையே? இதற்கு நம் துபுவாவே பதில். அவர் பெயரில் உலகம் போற்றிய அந்தப் புத்தகத்தின் பெரும்பகுதி, அவருக்கு முன் தென்னிந்தியாவில் வாழ்ந்த கேர்தூ என்ற சேசு சபைப் பாதிரியாரின் கையெழுத்துப் பிரதியிலிருந்து வந்தது என்று பிரெஞ்சு ஆய்வாளர் சில்வியா முர் 1987-ல் நிறுவினார். துபுவாவின் பெயருக்கு இது இழுக்குதான். ஆனால் அதில் விவரித்த பழக்கங்கள் பொய்யாகிவிடவில்லை. சாட்சி இன்னும் ஒரு தலைமுறை பின்னால் போனது, அவ்வளவுதான். மத்தேயு மாற்கைப் பயன்படுத்தினார் என்றாலும் இதே நிலைதான். செய்தி எழுத்துக்கு வந்த காலம் பின்னுக்குப் போகிறது, சம்பவத்துக்கு இன்னும் நெருங்குகிறது. தனக்கு முன் பலர் எழுதியிருக்கிறார்கள், கண்ணால் கண்டவர்கள் சொல்லக் கேட்டு விசாரித்து எழுதுகிறேன் என்று லூக்கா தம் முதல் வரிகளிலேயே ஒப்புக்கொள்கிறார். துபுவா அப்படிச் சொல்லியிருந்தால் முர் அம்மையாருக்கு வேலை மிச்சமாகியிருக்கும்.

ஒருமைக்கு வருவோம். ஒருமை என்றால் எல்லாரும் ஒரே சொல்லைச் சொல்வது என்று நினைத்தால் வேதாகமத்தில் ஒருமை இல்லை. நல்லவன் வாழ்வான் என்கிறது நீதிமொழிகள். நல்லவன் ஏன் குப்பைமேட்டில் உட்கார்ந்து புண்ணைச் சொறிகிறான் என்று கேட்கிறது யோபு. தாவீது பத்சேபாளை அழைத்து அவள் கணவன் உரியாவைப் போர்முனையில் சாகவிட்டதை முழுக்கச் சொல்கிறது சாமுவேல். அதை அடியோடு விட்டுவிட்டுத் தாவீதைப் புகழ்கிறது நாளாகமம். வேறு எந்த அரசவையாக இருந்தாலும் நாளாகமத்தை வைத்துக்கொண்டு சாமுவேலை எரித்திருக்கும். இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்தவர்கள் மெச்சத்தக்கவர்கள். மக்கள் கடவுளை விட்டு ஓடுகிறார்கள், கடவுள் வாக்கை விடாமல் தேடி வருகிறார். இதுதான் ஆதியாகமத்திலிருந்து கடைசிப் புத்தகம் வரை ஓடும் கதை. எபிரேயத்திலும் அரமாயிக்கிலும் கிரேக்கத்திலும், மேய்ப்பர், அரசர், மீனவர், வரி வசூலிப்பவர் என்று ஒருவரை ஒருவர் காணாத பலர் பல நூற்றாண்டு இடைவெளியில் எழுதியும் அந்தக் கதை அறுபடவில்லை. நாயகர்களை அது ஒருபோதும் காப்பாற்றிப் பேசவில்லை. ஆபிரகாம் பயந்து மனைவியைச் சகோதரி என்கிறான், பேதுரு ஒரு வேலைக்காரியின் கேள்விக்கே நடுங்கி மறுதலிக்கிறான். தலைவர்களைப் பெருமைப்படுத்த எழுதிய நூலில் இவை இருக்காது.

கடைசி ஆட்சேபம்தான் கடினம். 'சரி, திருத்தாமல் காத்தார்கள், நேர்மையாகச் சொன்னார்கள். கம்சாளே பாடகரும் நேர்மையானவர்தான். அதனால் மாதப்பன் புலிமேல் ஏறி வந்தது வரலாறாகிவிடுமா? நேர்மையாகக் காத்த கதை உண்மைக் கதை ஆகிவிடுமா?' ஆகாது. காத்த நேர்மை ஒன்று, சொன்னதன் உண்மை வேறொன்று. மாதப்பன் கதையை அதன் பக்தர்கள் என்ன பொருளில் பாடுகிறார்களோ அது அவர்களுக்கு. நான் அதற்குத் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. வேதாகமம் தன்னைச் சோதிக்கத் தானே இடம் கொடுக்கிறது என்பதைத்தான் சொல்கிறேன். லூக்கா மூன்றாம் அதிகாரத்தின் தொடக்கத்தில் யோவான் ஸ்நானகன் எப்போது வந்தான் என்று சொல்ல, திபேரியு மன்னனின் ஆட்சியாண்டிலிருந்து பிரதான ஆசாரியர் வரை ஏழு பேரைப் பெயர் சொல்லி நிறுத்துகிறார். அவர்களில் பிலாத்துவின் பெயர் பொறித்த கல் 1961-ல் செசரியாவில் கிடைத்தது. தாவீதே கற்பனை என்று சிலர் எழுதிக்கொண்டிருந்தபோது, 1993-ல் தெல் தானில் எதிரி அரசன் ஒருவன் வெட்டிய கல்வெட்டில் தாவீதின் வம்சம் குறிக்கப்பட்டிருந்தது. கி.மு. 701-ல் எருசலேமை முற்றுகையிட்ட அசீரிய மன்னன் சனகெரிப், யூதாவின் அரசன் எசேக்கியாவை அடைத்து வைத்தேன் என்று தன் களிமண் ஏட்டில் பெருமையடிக்கிறான், நகரத்தைப் பிடித்தேன் என்று மட்டும் சொல்லவில்லை. பிடிக்கவில்லை என்கிறது வேதாகமமும். எல்லாம் இப்படிப் பொருந்திவிடவில்லை. எகிப்திலிருந்து வெளியேறியதற்கு நேரடியான தொல்லியல் சான்று இல்லை. எரிகோவில் கேத்லீன் கென்யன் 1950-களில் தோண்டிக் கணித்த காலம் யோசுவாவின் காலத்தோடு ஒத்துப்போகவில்லை, விவாதம் நீள்கிறது. உயிர்த்தெழுதலை எந்தக் கல்வெட்டும் நிரூபிக்காது. சொன்னவர்கள் எழுதியது நம் கைக்குத் திரியாமல் வந்திருக்கிறதா, அவர்கள் வாழ்ந்த உலகம் உண்மை உலகமா என்பதுவரை சான்றுகள் நம்மைக் கூட்டிக்கொண்டு போகும். அவர்களை நம்புவதா வேண்டாமா என்பதை ஒவ்வொருவரும் தாமேதான் முடிவு செய்ய வேண்டும். நான் நம்புகிறேன்.

ஆகவே விசுவாசிகளுக்கு ஒரு வேண்டுகோள். யோசுவாவின் காலத்தில் தொலைந்த நாளை நாசா கணினி கண்டுபிடித்தது என்ற வாட்ஸ்அப் செய்தியை இனிமேல் அனுப்பாதீர்கள், அது பொய். தன்னைப் பற்றிப் பொய் சொல்லாத புத்தகத்துக்குப் பொய்யான துணை தேவையில்லை. பிள்ளைகள் கல்லூரிக்குப் போய் முதல் முரணைச் சந்திக்கும் முன்னால் நீங்களே அதைக் காட்டிவிடுங்கள். சந்தேகப்படுகிற நண்பர்களுக்கும் ஒன்று. வீடியோவில் வரும் முரண் பட்டியலை வைத்து முடிவு கட்டாமல் மூலத்தையே திறந்து பாருங்கள். மாற்கு சுவிசேஷம் 16 அதிகாரம்தான், ஒரே மாலையில் முடித்துவிடலாம். அதற்கு முன் இரண்டாம் நாளாகமம் 21-ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்தையும் 22-ன் இரண்டாம் வசனத்தையும் சேர்த்துப் படித்து, தகப்பன் வயதையும் மகன் வயதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கணக்கு உதைக்கும். எபிரேயப் படியெடுப்பாளர்கள் அதை இத்தனை நூற்றாண்டும் ஏன் திருத்தாமல் விட்டார்கள் என்று யோசித்துவிட்டு வாருங்கள், அங்கிருந்து பேசலாம்.